அடியிறக்கமும் முழுப் பேரும்

எனக்கு வந்த நோய்க்கு ஆஸ்பத்திரியில் இங்கிலீசில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதற்கு 'அடி எறங்கிருச்சு' என்பார்கள். அதையும் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது ஒருத்தி இன்னொருத்தியின் காதைக் கடிப்பாள். கேட்டவள் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாள். பாதி நேரம் அவளுக்கும் இறங்கித்தான் இருக்கும். அதை மட்டும் சொல்ல மாட்டாள்.

என் பெயர் வீராயி. பதுளைப் பக்கம், ஹாலிஎலைக்கு மேலே கல்லோடைத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவள். தோட்டத்து மாதர் சங்கத்துக்குத் தலைவியும் நான்தான். சங்கப் பத்திரிகையை அடுத்தவர் வாசித்துக் காட்டக் கேட்பதில் வெறுப்பு வந்து, பிள்ளை பெற்று முடித்த வயதில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மழைக் காலத்தில் கம்பளி கொடுக்கவில்லை என்று துரையின் பங்களா வாசலில் நின்று கத்தியவள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய் காது வரைக்கும் இருந்தது. ஆனால் என் சொந்த உடம்பு என்று வந்தபோது அந்த வாய்க்குப் பூட்டுப் போட்டு ஆறு வருஷம் திரிந்தேன். கூட்டத்தில் இதைச் சொல்லலாம் என்று பார்த்தால் பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். சிரிப்பவள் தனியாக இருந்து சிரிக்கட்டும்.

விலக்கு நின்றபோது நான் சந்தோஷப்பட்டவள். அதையும் சொல்லிவிட வேண்டும். மலையில் மழைக்குள் நாள் முழுக்க நின்று, ஈரத் துணியோடு சரிவில் ஏறி இறங்கியவளுக்குத்தான் அந்த நிம்மதி தெரியும். இனி மாரியம்மன் கோயிலுக்கு எந்த நாளும் போகலாம், மாவிளக்கு எடுக்கலாம், யாரும் ஒதுங்கி நில் என்று சொல்ல முடியாது. அம்மனுக்குத் தேங்காய்கூட உடைத்தேன்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. முதலில் சாயங்காலத்தில் அடிவயிறு கனத்தது. தும்மினால் சேலை நனைந்தது. பின்பு ஒருநாள் குந்தியிருந்தபோது கீழே என்னவோ கையில் தட்டுப்பட்டது, எலுமிச்சம்பழ அளவில். படுத்தால் உள்ளே போய்விடும். எழுந்து கூடையை மாட்டினால் வந்துவிடும். போகப்போக அது படுத்தாலும் போகவில்லை. விரலால் உள்ளே தள்ளிப் பிடித்தால்தான் சிறுநீர் போகும் என்ற நிலை வந்தது. நடக்கும்போது துணியில் உரசி உரசிப் புண்ணாகியது.

இதற்கு எங்கள் லயத்தில் ஒரு வைத்தியம் உண்டு. மலைக்குப் போகிற பெண்கள், தேயிலைக் குச்சி சேலையைக் கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்க, இடுப்பில் சாக்குத் துணியைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டுவோம். அதைப் படங்கு என்போம். அடி இறங்கினவள் அந்தக் கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் அது கீழே வராமல் நிற்குமாம். எனக்கு ஒருத்தி சொன்னாள், அவளுக்கு அவள் மாமியார் சொல்லியிருக்கிறாள். நானும் இறுக்கினேன். கயிறு இடுப்பில் பதிந்து, தோல் கறுத்துத் தடித்துப் போகும்வரை இறுக்கினேன். இறுக்க இறுக்க அதிகமாகத்தான் இறங்கியது. நான் கட்டினது போதவில்லை என்று நினைத்து இன்னும் இறுக்கினேன்.

தோட்டத்து மருந்துச் சாலைக்குப் போகாமல் இல்லை. அங்கே மருந்து கொடுக்கும் ஐயா ஜன்னலுக்குள் இருப்பார். வெளியே வரிசையில் எனக்குப் பின்னால் எங்கள் தோட்டத்து ஆண்கள் நிற்பார்கள்.

"என்ன செய்யுது?"

"வயித்து வலிங்க."

வெள்ளை மருந்து ஒரு போத்தல் தருவார். குடித்தேன். அடுத்த முறையும் அவர் அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவளின் உடம்பில் ஜன்னல் விளிம்புக்கு மேலே இருப்பதுதானே அவருக்குத் தெரியும்.

எனக்கு வேலையை விட முடியாத காரணம் ஒன்று இருந்தது. என் புருஷன் முத்தையா நெஞ்சுச் சளிக்காரர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட முடியவில்லை என்று வேலைப் பதிவிலிருந்து அவர் பேரை எப்போதோ வெட்டிவிட்டார்கள். நாங்கள் குடியிருந்த லயக்காம்பரா என் பேரில்தான் நின்றது. எங்கள் தோட்டத்துச் சட்டம் அப்படி. ஒரு காம்பராவுக்கு ஒரு முழுப் பேராவது, அதாவது முழுச் சம்பளத்துக்குப் பதிந்த ஒரு ஆளாவது, வேலைக்கு வர வேண்டும். வராவிட்டால் காம்பராவை விட வேண்டும். விட்டால் எங்கே போவது? பெற்றது ஆறு, தங்கியது ஒன்று. அந்த ஒரு மகள் பாக்கியத்தை நான் பிடிவாதமாகப் பதுளைக் கடைவீதியில் ஒரு மளிகைக் கடைச் சிப்பந்திக்குக் கட்டிக் கொடுத்திருந்தேன். தோட்டத்து மாப்பிள்ளை வேண்டாம் என்று இரண்டு இடத்தைத் தட்டிக் கழித்தேன். என் மகள் கூடை தூக்கக் கூடாது. என் வாழ்க்கையில் நான் ஜெயித்தது என்று சொன்னால் அது ஒன்றுதான். மருமகனும் மகளும் கடைக்குப் பின்னால் முதலாளி கொடுத்த ஒரு ஒடுங்கிய அறையில் இருந்தார்கள். அங்கே மூன்றாவது ஆளுக்குக் கால் நீட்ட இடமில்லை.

ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு முழுக் கூடையோடு ஏறி வந்து குனிந்தேன். முழுக்க வெளியே வந்துவிட்டது. கையால் தள்ளினேன், போகவில்லை. சாயங்காலம் வரை ஒரு சொட்டு நீர் போகவில்லை. வயிறு கல்லாகிவிட்டது. அன்றைக்குத்தான் என் புருஷனிடம் சொன்னேன். அத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவர், ஒன்றும் தெரியாமல் விழித்தார்.

"ஏன் புள்ள, என்கிட்டகூடச் சொல்லலையே."

"சொன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் போய் மருந்துச் சாலை ஐயாவிடம் ஆஸ்பத்திரித் துண்டு வாங்கி வந்தார். பதுளைக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு போன லொறியில் முன்னால் இடம் கேட்டார். டிரைவர் பெட்டிகளுக்கு நடுவில் சாக்கை மடித்துப் போட்டு என்னைப் படுக்கவைத்தான். வளைவுக்கு வளைவு நான் கத்தியதில் தொண்டை போய்விட்டது.

பதுளை ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு குழாயை விட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். அந்தச் சுகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. பிறகு பெண்கள் பகுதியில் நீளமான வாங்கில் காத்திருக்கச் சொன்னார்கள். அங்கே இருந்த பெண்கள் யாரும் நேராக உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு காலை மடித்து, வாங்கு விளிம்பில் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது, நானும் ஆறு வருஷம் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

என்னைப் பார்த்தது ஒரு லேடி டொக்டர். யாழ்ப்பாணத்து அம்மா, என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். காலை உயர்த்தி வைத்துப் படுக்கவைத்தார்கள். வாத்தின் வாய் மாதிரி ஒரு இரும்புக் கருவியைச் சூடு காட்டி உள்ளே வைத்தாள். "இருமுங்கோ அம்மா" என்றாள். இருமினேன். எல்லாம் இறங்கியது. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

"எத்தினை பிள்ளை பெத்தனீங்கள்?"

"ஆறுங்க."

"பெத்து எவ்வளவு நாளில திரும்ப வேலைக்குப் போனீங்கள்?"

"எழுந்து நடக்க முடிஞ்சதும்ங்க. ரெண்டாவதுக்கு இன்னும் சீக்கிரம். அது செத்துப் பொறந்துச்சு, பால் குடுக்கிற வேலையும் இல்லையே."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு விலக்கு நின்று எவ்வளவு காலம் என்று கேட்டாள். சொன்னேன்.

"உங்கட இடுப்பெலும்புக்கு உள்ள, அடியில, சதையும் நாருமாச் சேந்து ஒரு ஏணை கட்டியிருக்கு அம்மா. கர்ப்பப்பை, மூத்திரப்பை எல்லாத்தையும் அதுதான் தாங்கிக்கொண்டிருக்கு. பிள்ளை பெத்ததில அந்த ஏணைச் சீலை அங்கங்க கிழிஞ்சுபோச்சு. ஆற முன்னமே நீங்கள் பாரம் தூக்கிப்போட்டீங்கள்."

ஏணை என்றால் எங்கள் பக்கத்துத் தூளி. அது விளங்கியது. ஆனால் ஒரு சந்தேகம்.

"அப்பவும்தான் தூக்கினேன் டொக்டரம்மா. அப்ப எறங்கல. கெழவியானப்புறம் ஏன் எறங்கணும்?"

"அப்ப உங்கட சூலகத்தில ஒரு சாரம் சுரந்துகொண்டிருந்தது. ஹோர்மோன் எண்டு சொல்லுறது. அது இரத்தத்தில ஓடுற வரைக்கும் அந்த நாருக்கு ஈரம் இருக்கும், இழுவை இருக்கும். இழுபட்டாலும் திரும்பிச் சுருங்கும். விலக்கு நிக்கிறதெண்டா அந்தச் சாரம் வத்திப்போச்சு எண்டுதான் அர்த்தம். பிறகு நார் மெலியும். உள்தோல் கடதாசி மாதிரி ஆகிடும். முந்தித் தாங்கின பாரத்தை இனித் தாங்காது."

அதற்குத்தான் நான் தேங்காய் உடைத்திருக்கிறேன்.

அப்போதுதான் அவள் என் இடுப்பைப் பார்த்தாள். தழும்பின் மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டாள்.

"படங்குக் கயிறுங்க. கீழ எறங்காம இறுக்கிக் கட்டுறது. எங்க லயத்துல எல்லாரும் அப்படித்தான் கட்டுவோம்."

"எல்லாருமோ?"

"எறங்குனவங்க எல்லாருங்க."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். "அரை மூட்டை மாவை நடுவில கயிறு போட்டு இறுக்கினா, கீழ இருக்கிற மாவு மேல வருமோ அம்மா?"

"வராதுங்க. கீழதான் பிதுங்கும்."

"உங்களுக்கும் அதுதான் நடந்தது. கட்டக் கட்ட நீங்களே கீழ தள்ளியிருக்கிறீங்கள்."

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது. எனக்குச் சொன்னவள் மேலா, அவள் மாமியார் மேலா? எங்களுக்கு இதைச் சொல்லித்தர ஒரு நாதி இருந்ததா? கூடையைத் தலையில் மாட்டத் தெரிந்த உடம்பு, தன் அடியில் இருக்கிறது என்னவென்று தெரியாமல் செத்துப்போகும். எங்கள் அம்மாவும் அப்படித்தான் செத்தாள்.

ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். ஆனால் உடனே இல்லை. புண்ணும் மெலிந்த தோலும் தையலைத் தாங்காதாம். ஒரு ரப்பர் வளையத்தை உள்ளே வைத்து இறக்கத்தைத் தற்காலிகமாகத் தாங்கவைத்தார்கள். சின்ன வெள்ளை மாத்திரைகள் கொடுத்தார்கள். என் உடம்பில் வற்றிப்போன அந்தச் சாரத்தைத்தான் மாத்திரையாகச் செய்திருக்கிறார்களாம். அதைச் சாப்பிட்டால் தோல் தடிக்கும், புண் ஆறும், முடிந்ததும் வந்து படுக்கலாம் என்றாள் டொக்டரம்மா. முத்தையாவை உள்ளே கூப்பிட்டு ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்டார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அவருக்குத் தெரியாது. இருந்தாலும் அவருடைய பெருவிரல்தான் வேண்டும் என்பது வழக்கம். என் கர்ப்பப்பைக்கு அவர் மை தொட்டு வைத்தார்.

மாத்திரை வேலை செய்தது. புண் ஆறியது. மாத்திரை முடிந்த கையோடு, கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, எனக்கு உதிரம் போக ஆரம்பித்தது. அதுவும் ஆடித் திருவிழா நேரத்தில். மாவிளக்குக்கு மாவு இடித்து வைத்திருந்தவள் கோயில் பக்கம் போகாமல் காம்பராவுக்குள் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் காம்பராக்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, இந்த வயசுல தூரமா? என்ன மாத்திர குடுத்தாங்களோ," என்று இழுத்தாள். அவள் சொன்ன விதத்தில் நான் எங்கேயோ போய் எதையோ வாங்கிக்கொண்டு வந்தவள் போல இருந்தது.

எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கர்ப்பப்பையில் புற்று வந்தால் இப்படித்தான் போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பயம் என்றால் அதுதான் பயம். நான் செத்தால் காரியம் முடிந்தவுடன் இந்த மனுஷனைக் காம்பராவிலிருந்து வெளியே போடுவார்கள் என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை.

எனக்குக் குனிய முடியாது. துணிகளை ஒரு மூலையில் சுருட்டி வைத்திருந்தேன். விடிவதற்குள் முத்தையா அவற்றை எடுத்துக்கொண்டு கீழே ஓடைக்குப் போனார். மூச்சு வாங்க வாங்கத் துவைத்துப் பிழிந்து கொண்டுவந்து அடுப்பு மேலே காயப்போட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து தன் துண்டைக்கூடத் துவைக்காதவர்.

"வேணாங்க. யாராச்சும் பாத்தா லயமே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவன் வந்து தொவச்சுக் குடுக்கட்டும்."

என் ஆயுசில் அவர் பேசிய பெரிய பேச்சு அதுதான். எல்லாரைப் பற்றியும் கசப்பாக எழுதுகிறேன், அதனால் இதை மறக்காமல் எழுதுகிறேன்.

டொக்டரம்மாவிடம் திரும்பிப் போனபோது அவள் சோதித்துவிட்டுப் புற்று இல்லை என்றாள். அந்தச் சாரம் உள்ளே போனதும் கர்ப்பப்பை பழைய ஞாபகத்தில் சுவரைக் கட்டியிருக்கிறது, மாத்திரை நின்றதும் சுவர் உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றாள். முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றாள். ஒரு படித்த மனுஷி என்னிடம் மன்னிப்புக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. நான் "பரவால்லீங்க" என்றேன்.

ஆபரேஷனுக்காக வந்து படுத்த வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் சோமாவதி. பதுளைக்குக் கீழே ஒரு சிங்களக் கிராமம். அவளுக்கும் இதே வியாதி. நெல் மூட்டை தூக்கி வந்ததாம். எனக்குக் கொஞ்சம் சிங்களம், அவளுக்குக் கொஞ்சம் தமிழ். எங்களுக்குத் தெரியாத சொல்லுக்குக் கை இருந்தது. அவள் இடுப்பைத் தொட்டுக் கீழே காட்டி "விழுந்திச்சி" என்பாள். நான் என் இடுப்பைக் காட்டி "எனக்கும்" என்பேன். இருவரும் சிரிப்போம், எனக்கு முந்தியே தையல் போட்டிருந்த அவள் வலியில் நிறுத்துவாள். அவள் வீட்டிலிருந்து வாழைப்பழம் வந்தால் பாதி எனக்கு. தோட்டத்துத் தமிழர்களான எங்களை இந்த நாட்டு ஆட்கள் இல்லை என்று சட்டம் எழுதிய பெரிய மனுஷர்கள் அந்த இரண்டு கட்டிலையும் வந்து பார்த்திருக்கலாம். எது எந்த நாட்டு வயிறு என்று பிரித்துச் சொல்லியிருப்பார்களா?

ஆபரேஷன் அன்று முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே நான் இல்லாமல் போனேன். விழிப்பு மட்டும் இருந்தது. கத்தரிக்கோல் தட்டில் விழுகிற சத்தமும் அவர்கள் தங்களுக்குள் பேசுகிற இங்கிலீசும் கேட்டன. கீழ்வழியாகவே கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, தளர்ந்த முன்சுவரையும் பின்சுவரையும் மடித்துத் தைத்தார்கள். வெட்டி எடுத்ததை டொக்டரம்மா காட்டவா என்று கேட்டாள். காட்டுங்க என்றேன். ஒரு பேரிக்காய் அளவுதான் இருந்தது. இதற்குள்தானா ஆறு பிள்ளை இருந்தது என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்த ஐந்தும் நினைவுக்கு வந்தன. அப்போதுதான் அழுதேன்.

மரப்பு விட்டதும் வலி வந்தது. குழாய், உள்ளே திணித்த பஞ்சு, உப்புத் தண்ணீர்க் கழுவல், மலம் போகப் பயம். இதையெல்லாம் விவரித்தால் படுக்கப் போகிறவள் பயந்து ஓடிவிடுவாள். ஓடாதே. வலி போய்விடும். இரண்டாம் வாரத்தில் நான் கட்டிலின் ஓரத்தில் நேராக உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் சமமாக, மனுஷி மாதிரி. அதற்காக அந்த வலியை இன்னொரு தரமும் படுவேன்.

பாக்கியம் தினமும் வந்தாள். கடைவீதியிலிருந்து நடந்து வருவாள். ஒரு கையில் தலைச்சன் பிள்ளை, பிறந்து இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. இன்னொரு கையில் கஞ்சித் தூக்கு. எனக்குத் தலை வாரிவிடுவாள். பிள்ளையை என் பக்கத்தில் போட்டுவிட்டு என் துணிகளை அலசப் போவாள். வேண்டாம், உனக்கு உடம்பு ஆறவில்லை, குனியாதே என்பேன். டொக்டரம்மா சொன்னதையெல்லாம் அவளுக்கு ஒன்று விடாமல் சொன்னேன். தூளியையும் நாரையும் சாரத்தையும் சொன்னேன்.

"ஒனக்கு இன்னும் அந்தச் சாரம் இருக்குடி. இப்ப கிழிச்சா இப்பத் தெரியாது. அது வத்தினப்புறம்தான் கணக்குக் கேக்கும்."

"நான் எங்கம்மா பாரம் தூக்குறேன்? இந்தா, இந்தத் தூக்குச்சட்டிதானே," என்று சிரித்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டரம்மா உறுதியாகச் சொன்னாள். "இனி நீங்கள் கூடை தூக்கக் கூடாது. சில மாதத்துக்கு மட்டும் இல்லை, ஒருநாளும் கூடாது. நாங்கள் தைச்சதும் அந்தப் பழைய சீலையைத்தான். தூக்கினா மற்றதும் இறங்கும்." லேசான வேலை கொடுக்கும்படி துரைக்கு இங்கிலீசில் எழுதிக் கொடுத்தாள். பாக்கியம் என்னைப் பார்த்துக்கொள்ள என்று பிள்ளையோடு தோட்டத்துக்கு வந்தாள். கொஞ்ச நாள் என்றுதான் மருமகனும் சரி சொன்னார்.

தொழிற்சங்கத்துக்கு எங்கள் ஜில்லாவைப் பார்க்கிற ஜில்லாக்காரரிடம் முதலில் போனேன். எனக்காகத் துரையிடம் பேசச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "கை ஒடிஞ்சுச்சு, கால் ஒடிஞ்சுச்சுன்னா பேசலாம் அக்கா. இது பொம்பள சமாச்சாரம். நான் எப்படித் தொரைகிட்ட வாயத் தொறக்கிறது?" என்றார். அவருக்காக எத்தனை ஊர்வலத்தில் கொடி பிடித்திருப்பேன்.

சரி என்று நானே பெரட்டுக்களத்துக்குப் போனேன். காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் இடம் அது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் துரையும் பெரிய கணக்கப்பிள்ளையும். டொக்டரின் கடிதத்தைக் கொடுத்தேன். துரை வாசித்தார். கழுத்திலிருந்து காது வரை சிவந்தது. கடிதத்தை மடித்துக் கணக்கப்பிள்ளையிடம் நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"என்ன வியாதி வீராயி?" என்றார் கணக்கப்பிள்ளை. "சொல்லு. நாளைக்கு எல்லாரும் வந்து எனக்கும் லேசு வேலை குடுன்னு நிப்பாங்க."

"கர்ப்பப்பை எறங்கி வெளிய வந்திருச்சுங்க ஐயா. ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. திரும்பக் கூடை தூக்கினா மூத்திரப்பையும் கொடலும் எறங்கும். கொழுந்துக் கூடை தூக்கித்தான் எறங்குச்சு. இங்க நிக்கிற பொம்பளைங்கள்ல எனக்கு மட்டும் இல்ல."

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கம் திரும்பினேன். ஒருத்தியாவது 'ஆமாங்க' என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எனக்குக் கயிறு இறுக்கச் சொன்னவளும் அங்கேதான் நின்றாள். எல்லாரும் முந்தானையை இழுத்து முகத்தை மூடினார்கள்.

துரை கணக்கப்பிள்ளையிடம் ஏதோ சொல்லிவிட்டு நடந்தார். கணக்கப்பிள்ளை என்னிடம் வந்தார். "தொரை நல்லவரு. பிள்ளைக்காம்பராவுல ஆயா வேலை. அரைப் பேர்தான் போடுவோம்."

அம்மாமார் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் பிள்ளைக்காம்பரா. தூளி ஆட்டுகிற வேலை. அரைப் பேர் என்றால் பாதிச் சம்பளம். அது போகட்டும்.

"அப்ப காம்பரா?"

"அதுக்கு ஒரு முழுப் பேர் வேணும். ஒனக்குத் தெரியாத சட்டமா? வீட்ல வேற ஆளு இல்லையா? ஒன் மக வந்திருக்கான்னாங்களே."

"அவ பதுளைக்காரிங்க. போயிருவா," என்றேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லியிருக்கக் கூடாது. நான் சொல்லாவிட்டாலும் லயம் சொல்லியிருக்கும். முத்தையா தன் பழைய கவ்வாத்துக் கத்தியை எடுத்துத் தீட்டப் பார்த்தார். இருமல் விடவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாக்கியம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"நான் பேர் பதியுறேம்மா."

"செருப்பால அடிப்பேன்."

"அப்பாவ எங்க வச்சிருப்ப? கடைச் சாக்குக்குள்ளயா?"

"ரோட்டுல கெடக்குறோம். நீ போயிரு."

"கொஞ்ச நாளைக்குத்தானேம்மா."

கொஞ்ச நாள் என்று சொல்லித்தான் என் அப்பனும் ஆத்தாளும் திருச்சிப் பக்கமிருந்து கப்பல் ஏறினார்கள். நான் திட்டினேன், அழுதேன், மருமகனுக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு, "வேற என்ன வழி இருக்கு அத்தை?" என்றார். மாதர் சங்கத் தலைவியின் மகள் மறுநாள் பெரட்டில் பேர் பதிந்தாள்.

இப்போது தினமும் காலையில் பிள்ளைக்காம்பரா வாசலில் நான் நிற்கிறேன். பாக்கியம் வரிசையில் வருவாள், தலையிலிருந்து முதுகில் கூடை தொங்கும். பிள்ளையை என் கையில் கொடுத்து, அழுதால் சொல்லி அனுப்பும்மா, பத்து மணிக்கு வந்து பால் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு மலைக்கு ஏறுவாள். மேட்டில் ஏறும்போது ஒரு இடத்தில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். என்னடி செய்கிறது என்று கேட்டால், வயிற்று வலிதானம்மா என்கிறாள். நான் பேத்தியைத் தூளியில் போட்டு ஆட்டுகிறேன். டொக்டரம்மா எழுதிக் கொடுத்தபடி எனக்கு லேசான வேலை கிடைத்துவிட்டது.